நாலாவது படி

“…ஆணி அடிக்கதா இருந்தாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு அடிங்கன்னு சொல்லித்தான சாவியக் குடுத்தேன்? நீங்க என்னடான்னா வாசல்ல செங்கல வச்சுப் பூசிட்டு நிக்கிய. நல்லாருக்கு தம்பி! நாளைக்கு மாடியும் எடுத்துக் கட்டிட்டு, ‘அக்கா, மேல வந்து குடியிருங்க’ன்னு சொல்லுவிய போலயே!”

வீட்டுக்கார அக்கா ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். காலையில் கல் வந்து இறங்கியதைப் பார்த்து எதிர்வரிசையில் யாரோ போன் போட்டிருக்க வேண்டும். ராஜபாளையத்தில் எங்கள் தெரு நடுவில், மடக்கிய குடையை ஊன்றி நின்றபடியேதான் பேசினார். உள்ளே வாங்க என்று என் மனைவி கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தாலும் வந்திருக்க மாட்டார். வாசலை மறித்து இரண்டு வரிசைச் செங்கல், பூச்சு காயாமல் நின்றுகொண்டிருந்தது.

எங்கள் தெரு பள்ளம். மேற்கே மலையில் பெய்தால் போதும், இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே ஓடை நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிடும். போன ஐப்பசியில் வீட்டுக்குள்ளேயும் வந்தது. முழங்காலுக்குக் கீழேதான். ஆனால் என் மனைவியின் தையல் மிஷினுக்கு மோட்டார் இருப்பதும் முழங்காலுக்குக் கீழேதான். மோட்டார் புகைந்து போனது. தளவாய்புரத்திலிருந்து தைக்க வந்திருந்த நைட்டித் துணியெல்லாம் சேறு. துணி கொடுக்கிறவர் கோபப்படவில்லை. “இன்னொருக்கா நனைஞ்சா, துணி வேற வீடு பாத்துப் போயிரும்மா” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். கோபப்பட்டிருக்கலாம் என்று தோன்றியது. நான் லோடு ஆட்டோக்காரன். ஓடுகிற நாளும் உண்டு, ஸ்டாண்டில் தூங்குகிற நாளும் உண்டு. அவள் மிஷின் ஓடினால்தான் எங்கள் வீடு ஓடும்.

அதனால் இந்த வருஷம் புரட்டாசியிலேயே தொடங்கிவிட்டோம். மிஷினை ஹாலோ பிளாக் கல் மேல் ஏற்றினோம். அப்புறம் அவளுக்குக் கால் எட்டவில்லை என்று ஸ்டூலையும் ஒரு பலகையையும் ஏற்றினோம். “கச்சேரிக்கு உக்காந்த மாதிரி இருக்கு, மைக் மட்டுந்தான் இல்ல” என்றாள். பாத்ரூம் குழி வழியாகத்தான் முதல் தண்ணீர் எதிர்த்து ஏறும். அதை அடைக்கப் பழைய பாவாடையில் மணல் கட்டி வைத்தோம். துணி மூட்டையை உயரத்தில் தொங்கவிடக் கொக்கி அடிக்கலாமா என்று அக்காவுக்குப் போன் போட்டேன். “சுவரு வெடிச்சிரும்” என்று வைத்துவிட்டார். ஜன்னல் கம்பியில் கயிறு கட்டிக்கொண்டோம்.

பாக்கி இருந்தது வாசல். அதற்கும் போன் போட்டேன். கல் என்று நான் சொல்லி முடிப்பதற்குள், “அப்ப எத்தன படி வரும்?” என்றார்.

எங்கள் பக்கம் வாசற்படியை ஒன்று, இரண்டு என்று எண்ணுகிறவர்கள் குறைவு. லாபம், நட்டம், லாபம் என்று எண்ணுவார்கள். கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். இந்த வீட்டுக்கு மூன்று படி. மேலே ஒன்று வந்தால் நட்டம். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்கள் முன்பு இருந்த வீட்டுக்கு நாலு படியாம். அந்த வீட்டில்தான் அக்காவின் கணவர் தவறிப்போனார். அதற்கு மேல் அவரிடம் யார் என்ன பேச முடியும்?

கொத்தனாரிடம் இதைச் சொன்னேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, “அது படியா இருந்தாத்தானண்ணே நட்டம்? மேல ஓட்டு முகடு மாதிரி கூரா இழுத்து விட்டுருதேன். கால் வைக்க ஏலாதுல்லா? கால் வைக்க ஏலாதது எப்பிடிப் படியாகும்? தண்ணி என்ன அட்வான்ஸ் குடுத்துட்டா வருது, வாசல்ல நின்னு கேட்டுட்டு வாரதுக்கு?” என்றார். ஒருவர் பேச்சு ருசியாக இருந்துவிட்டால் அவர் சொல்வதெல்லாம் எனக்குச் சரியாகத்தான் தெரியும். அக்காவிடம் மறுபடி கேட்காமலே கட்டச் சொல்லிவிட்டேன்.

“இது படியில்லக்கா, தடுப்பு. கூரா இருக்கு பாருங்க” என்றேன் இப்போது.

“உள்ள போக இதத் தாண்டணுமா வேண்டாமா? காலத் தூக்கிட்டா அது படிதான். எனக்குப் பாடம் எடுக்காதிய.”

“தண்ணி வந்துட்டா?”

“வந்தா வரட்டும். எம் வீடுதான நனையுது?”

என் மனைவி, கழுத்தில் அளவு டேப் தொங்க, வாசலுக்கு வந்தாள்.

“வீடு உங்களுது. நனையுதது நாங்க.”

“ஏட்டி, ஓம் புருசன்தான் வாயாடின்னு நெனச்சேன். நீ அவருக்கு மேல இருக்கியே!”

“எங்களுக்கும் படி எண்ணத் தெரியும். நீங்களே எண்ணுங்க. கீழ இருந்து எண்ணுங்க.”

எனக்குப் புரிந்துவிட்டது. பழைய ரோட்டைப் பெயர்க்காமல் அதன் மேலேயே சிமெண்ட் ரோடு போட்டதில், அடிப்படியில் இரண்டு விரற்கடை தவிர மிச்சமெல்லாம் புதைந்துபோயிருந்தது.

“அதுல யாரு கால் வச்சு ஏறுதா? அந்தப் படி ரோட்டோட போயிருச்சு. இப்ப இருக்கது ரெண்டு. லாபம், நட்டம். இம்புட்டு நாளும் நட்டத்துலதான் எங்களக் குடி வச்சிருக்கிய.”

கொத்தனார் சட்டியில் கரண்டியைத் தட்டுவதை நிறுத்திவிட்டார். எதிர்வரிசையில் ஒரு ஜன்னல் திறந்தது. அக்காவின் கழுத்தெல்லாம் சிவந்துபோனது. குடை நுனியால் அந்த இரண்டு விரற்கடையைக் குத்தினார்.

“இந்தா தெரியுதுல்லா? கண்ணுக்குத் தெரியுத வரைக்கும் இதும் படிதான். நீ இல்லன்னு சொன்னா இல்லன்னு ஆயிருமா? அந்தக் கல்ல இப்பமே எடுக்கணும். இல்லன்னா தை பொறந்ததும் வீட்டக் காலி பண்ணிருங்க.”

“தைக்கு முந்தி ஐப்பசி வருதே” என்றாள் இவள்.

அக்கா மேல் இரண்டு படியையும் தடுப்பையும் விரல் விட்டு எண்ணினார். குனிந்து அடிப்படியையே பார்த்தார். குடையை ரோட்டில் போட்டார். கொத்தனாரின் கையிலிருந்த கரண்டியை வெடுக்கென்று பிடுங்கினார். தடுப்பை இடிக்கப் போகிறார் என்று நினைத்து இவள் ஈரச் சிமெண்டின் மேல் இரண்டு கையையும் விரித்து மறைத்தாள். அவர் அந்தப் பக்கம் ஏறிட்டும் பார்க்கவில்லை. புடவையை முழங்காலுக்கு நடுவில் சொருகிக்கொண்டு தெருவிலேயே குத்தவைத்து உட்கார்ந்தார். சட்டியைத் தன் பக்கம் இழுத்து, மிச்சமிருந்த கலவையை வழித்து வழித்து அடிப்படியின் மேல் அப்பி, ஒரு விளிம்புகூடத் தெரியாமல் ரோட்டோடு ரோடாகச் சரித்து மெழுகினார்.