கோலமாவு பூசிய கை

ஔந்துப் பக்கம் ஒரு பயிற்சிக்கூடத்தில் என் மகள் செயற்கைப் பாறைச் சுவரில் ஏறப் பழகுகிறாள். ஏறும் முன் கையில் வெள்ளைப் பொடி பூசுவார்கள். அந்தப் பொடி மூக்கில் ஏறினாலே எனக்கு எரிச்சல் வரும்.

நான் வளர்ந்த கசார்வாடியில் எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால், கைவிட்ட கல்குவாரி ஒன்று இருந்தது. அடியில் ஆழம் தெரியாத பச்சைத் தண்ணீர். பையன்கள் கயிறில்லாமல் பாறையில் ஏறுவார்கள். பிடி நழுவினால் தண்ணீரில் விழுந்து நீந்தி வருவார்கள். அண்ணன் ஏவுவதோடு சரி, ஏற மாட்டான். எனக்கு நீச்சல் தெரியாது என்பது அவனுக்குத் தெரியும்.

"ஏறுடா பயந்தாங்கொள்ளி. கை வேர்க்குதா? இந்தா" என்று அம்மாவின் கோலமாவை என் கையில் கொட்டினான். அக்கம்பக்கத்தில் எல்லோரும் ரங்கோலிக்குக் கல்பொடிதான் வாங்குவார்கள். அம்மா மட்டும் எறும்பு தின்னட்டும் என்று அரிசிமாவு வைத்திருப்பாள். பாதிப் பாறையில் அது வியர்வையில் குழைந்து பசையானது. விழுந்தேன். துணி துவைத்துக்கொண்டிருந்த மராத்திப் பெண் ஒருத்தி என் தலைமுடியைப் பிடித்து இழுத்துப் போட்டாள். அண்ணன் கரையில் சும்மா நின்றான். மாவை நான் திருடியதாக வீட்டில் சொன்னான். அப்பா பெல்ட்டைக் கழற்றினார்.

இன்று அதே அண்ணன் மகள் ஏறும் சுவருக்குக் கீழே என் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்கப்பன் ரெண்டு வாய் தண்ணி குடிச்சான்மா" என்று என் மகளிடம் சொல்லிச் சிரிக்கிறான்.

"மரம் மாதிரி நின்னியே, அதையும் சொல்லு" என்றேன்.

சிரிப்பு நின்றது. "எனக்கும் நீச்சல் தெரியாதுடா."

முப்பது வருடம் கழித்துச் சொல்கிறான். எனக்கு இரக்கம் வரவில்லை.

"சரி, நீச்சல் தெரியாது. கத்தவுமா தெரியாது?"