நாங்கள் போய் வந்த துறைமுகங்கள்

கல்யாணமான முதல் மழைக்காலத்தில் எங்கள் இரண்டு பேருக்கும் பேசிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. எனக்கு ஜமுனாமரத்தூரில் ஓர் இணைய சேவை மையத்தில் வேலை. சாதிச் சான்று, வருமானச் சான்று கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் பதிவு செய்வேன். அவருக்கு ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். மலைமேல் இருக்கிற ஊர்களில் ஆடு வாங்கி அடிவாரத்துச் சந்தைகளில் விற்பார், அங்கே வாங்கிய குட்டிகளை மலைமேல் விற்பார். என் வேலைக்காகத்தான் மலைமேலேயே வீடு பிடித்தோம். காலையில் குட்டியானைச் சரக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போனால் இருட்டுகிற நேரத்தில் வருவார். கை கால் கழுவிவிட்டு, செல்போனைப் பார்த்தபடியே சாப்பிடுவார். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், உப்பு கொஞ்சம் தூக்கலாகப் போட்டால் பிடிக்கும் என்பதுதான்.

கல்லூரியில் படிக்கும்போது கிடைத்த மடிக்கணினி ஒன்று என்னிடம் இருந்தது. அதில் விடுதித் தோழி ஏற்றிக் கொடுத்த பழைய விளையாட்டு. பாய்மரக் கப்பல் காலத்துக் கடல் வணிகம். ஒரு சின்னக் கப்பலோடு ஆரம்பிக்க வேண்டும். மசூலிப்பட்டினத்தில் துணி ஏற்றி மலாக்காவில் இறக்கலாம்; அங்கே கிராம்பு வாங்கிக் கோழிக்கோட்டுக்குக் கொண்டுபோகலாம். காற்று எந்த மாதம் எந்தப் பக்கம் வீசும் என்று பார்த்துக் கிளம்ப வேண்டும். ஒருநாள் மழையில் வெளியே போக முடியாமல் நான் அதைத் திறந்து வைத்திருந்தேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா இது? சண்டையா?"

"இல்லீங்க, வியாபாரம்."

பாயை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து கப்பலை நான் ஓட்டுவேன், எங்கே போவது என்று அவர் சொல்வார். திரையில் வருகிற ஆங்கிலத்தை நான் தமிழில் படித்துச் சொல்ல வேண்டும். கடலையே பார்க்காதவர், ஆனால் சந்தையைப் பார்த்தவர். ஒரு துறைமுகத்தில் என்ன கிடைக்கும் என்று நான் சொல்ல ஆரம்பித்தால் கையமர்த்துவார். "அங்க இன்னா இல்ல? அதச் சொல்லு மொதல்ல." அந்தக் கேள்வியிலேயே எங்கள் கப்பல் ஒன்று மூன்றானது. அவருடைய சிரிப்பை நான் சரியாகப் பார்த்தது அப்போதுதான். அவரை எனக்குப் பிடித்துப்போனதும் அப்போதுதான்.

அந்த விளையாட்டில் புயல் உண்டு, கொள்ளைக்காரர்கள் உண்டு. காய்ச்சலும் உண்டு. காய்ச்சல் வந்த துறைமுகத்தின்மேல் மஞ்சள் கொடி பறக்கும். உள்ளே போகலாமா, வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருக்கலாமா, திரும்பிவிடலாமா என்று கேட்கும். முதல்முறை அது வந்தபோது திரும்பிவிடலாம் என்றேன்.

"எல்லாருமே திரும்பித்தான் போவான். அங்க அரிசிக்குப் பறப்பாங்க. நம்ம போவணும்."

போனோம். நினைத்ததைவிட நல்ல விலைக்கு விற்றது. மாலுமிகளில் சிலர் செத்தார்கள் என்று ஒரு சின்னக் கட்டத்தில் வந்தது. வேறு ஆட்களைச் சேர்த்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டோம்.

அதற்குப் பிறகு மஞ்சள் கொடியைக் கண்டால் அவர் நிமிர்ந்து உட்காருவார். நான் வரைபடத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். நோய் இருக்கிற ஊர்கள் அதில் பழுப்பாக மாறும். நாங்கள் சரக்கு இறக்கிவிட்டு வந்த ஊர், கொஞ்ச நாளில் பழுப்பாகும். அங்கிருந்து போன ஊரும் அப்படியே. நாங்கள் போகாத கரைகள் மட்டும் பச்சையாகவே கிடந்தன.

"நம்ம பின்னாலயே வருதுங்க."

"எது?"

"நோய்தான். நம்ம கப்பல்தான் கொண்டுபோவுது போல."

அவர் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அதெல்லாம் கம்ப்யூட்டரே போடுறது. நீ அடுத்த ஊரச் சொல்லு."

பொங்கல் முடிந்து பனி இறங்கிய நாட்களில் ஒரு பெண் மையத்துக்கு வந்தாள். போன வாரமே வரச் சொல்லியிருந்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டேன். "ஆடு செத்துப்போச்சு மேடம். ஒண்ணு மாத்தி ஒண்ணு. அத வுட்டுட்டு எப்டி வர்றது?" என்றாள். மூக்கில் ஒழுகுகிறதாம், வாயெல்லாம் புண்ணாம், கழிகிறதாம். அப்புறம் நின்ற இடத்திலேயே படுத்துவிடுகிறதாம். பாவமாக இருந்தது. விண்ணப்பத்தைப் பதிவு செய்து அனுப்பினேன். சில நாள் கழித்து வேறு ஊர்ப் பெரியவர் ஒருவர் அதையே சொன்னார். அதன் பிறகு கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் அதையே சொன்னாள். அவளுடைய ஊரைத் தட்டச்சு செய்யும்போது என் விரல் நின்றுவிட்டது.

போகிற ஊரிலிருந்தெல்லாம் அவர் எனக்கு ஏதாவது கொண்டு வருவார். முதலில் வந்த பெண்ணின் ஊரிலிருந்து சாமை. பெரியவரின் ஊரிலிருந்து ஒரு பாட்டில் தேன். கைக்குழந்தைக்காரியின் ஊரிலிருந்து, போன வாரம், கொட்டை எடுக்காத புதுப்புளி. வீட்டுக்குப் போய் அடுப்படியில் நின்று அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த வரிசையிலேயே அலமாரியில் இருந்தன. அன்றைக்குச் சமையலில் மனம் ஓடவில்லை, ரசம் மட்டும் வைத்தேன்.

சாப்பிடும்போது கேட்டேன்.

"பனிக்கு வர்ற சளி அது. வருஷா வருஷம் வர்றதுதான்" என்றார்.

"நீங்க போன ஊருங்கள்லதாங்க வருது."

"நான் எல்லா ஊருக்குந்தான் போறேன். நான் போற எடத்துல வெயிலும்தான் அடிக்குது. அதுக்கும் நான்தானா?"

 தட்டைக் கழுவி வைத்தேன்.

மறுநாள் காலையில் வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த ஆடுகளை வண்டியில் ஏற்றினார். பனி இன்னும் விலகவில்லை. ஒரு ஆடு இருமியது. சத்தமாக இல்லை, பேச வருகிற ஆள் தொண்டையைச் சரிசெய்துகொள்வதுபோல. அவருக்கும் கேட்டது. கேட்டதை நான் பார்த்தேன். அந்த ஆட்டை மற்ற ஆடுகளுக்கு நடுவில் தள்ளிவிட்டுப் பின்கதவைச் சாத்தினார்.

"ஏங்க, அது இருமுது."

"டீசல் பொகைக்கு இருமுது. நீ வேலைக்குப் போ."

வண்டி வளைவில் திரும்பும்வரை நின்றேன். வேலைக்குப் போகவில்லை. கால்நடை மருந்தகத்துக்குப் போனேன். அங்கே டாக்டராக இருந்தவர் என் வயதுப் பெண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் பேசினார்.

"ஆட்டுக்கொல்லி நோய் மாதிரி தெரியுது. சாம்பிள் எடுத்துப் பார்த்தாதான் உறுதியா சொல்ல முடியும். மனுஷங்களுக்கு வராது, பயப்படாதீங்க. ஆனா பார்க்க நல்லா இருக்கிற ஆடுகூட பரப்பும். ஒரே தொட்டித் தண்ணி, ஒரே வண்டி, சந்தை. எங்கெல்லாம் சேர்ந்து நிக்குதோ, அங்கெல்லாம். உங்க வீட்டுக்காரர் இப்ப எங்க?"

"சந்தைக்குப் போய்ட்டாருங்க."

"கூப்பிடுங்க."

மலைப்பாதையில் சிக்னல் கிடைக்காது. பல முறை போட்டபின் எடுத்தார். பின்னால் சந்தை இரைச்சல்.

"வித்துக்கினு கீறேன். அப்பால பேசறேன்."

"விக்காதீங்க. டாக்டரம்மா கூடத்தான் கீறேன். அது கெட்ட நோயாங்க. அப்படியே திருப்பி எடுத்துனு வந்துடுங்க."



"டாக்டர்கிட்ட போனியா நீ?"

"போனேன்."

"என்னப் பத்திச் சொல்றதுக்கா?"

நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார்.

அன்று திரும்பி வந்தபோது வண்டி காலியாக இருந்தது. யார் வாங்கினார்கள் என்று கேட்டேன். "யார் யாரோ. சந்தையில பேரக் கேட்டுட்டா விப்பாங்க?" என்றார். எந்தெந்த ஊர்க்காரர்கள் என்றும் அவருக்குத் தெரியவில்லை. ஆடுகள் நாலாப் பக்கமும் போய்விட்டன.

டாக்டர் ஆட்களோடு ஊர் ஊராகப் போனார். நோய் அதுதான் என்று உறுதியானது. நன்றாக இருந்த ஆடுகளுக்கெல்லாம் தடுப்பூசி போட்டார்கள். கொஞ்ச நாளைக்குச் சந்தைக்கு யாரும் ஆடு ஓட்டி வரக்கூடாது என்று சொன்னார்கள். வண்டியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவச் சொன்னார் டாக்டர். என் வீட்டுக்காரர் கழுவினார். என்னிடம் பேசவில்லை. வீட்டுக்குள் இரண்டு பேர் நடமாடும் சத்தம் மட்டும் இருந்தது.

அந்த நாட்களில் ஒரு மத்தியானம் நான் தனியாக அந்த விளையாட்டைத் திறந்தேன். கரை முழுக்கப் பழுப்பு. சரக்கில்லாத கப்பலை நோய் வந்த ஊர்களுக்கே திருப்பிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு ஊரிலும் வாங்குகிறாயா, விற்கிறாயா என்று மட்டும் கேட்டது. விற்றதைத் தேடிப் போக அதில் வழியே இல்லை. மூடி வைத்துவிட்டேன்.

பிறகு அவருடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. அன்றைக்குச் சந்தைக்குப் போகும் வழியில் அவர் அம்மா வீட்டில் ஒரு ஜோடி ஆட்டை இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அது எனக்குத் தெரியாது. இப்போது அந்த ஜோடி மட்டுமல்ல, அத்தை வளர்த்தவையும் எழுந்திருக்கவில்லையாம். இருசக்கர வண்டியில் கிளம்பினோம். வழி முழுக்க அவர் முதுகு விறைத்தே இருந்தது.

அத்தை ஓர் ஆட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்து, கேழ்வரகுக் கஞ்சியை விரலால் ஊட்டிக்கொண்டிருந்தார். அது விழுங்கவில்லை. கண் ஓரங்களில் சீழ் காய்ந்து ஒட்டியிருந்தது. "பாருடா, நீ குடுத்தது எப்டிக் கெடக்குதுன்னு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சும்மா காட்டினார்.

செத்த ஆடுகளைப் புதைக்க என் வீட்டுக்காரரே குழி வெட்டினார். உதவிக்கு வந்தவர்களைக் கிட்டே விடவில்லை. சுண்ணாம்பு தூவி மூடியதும் அங்கேயே உட்கார்ந்தார். முழங்கைவரை வெள்ளையாக இருந்தது.

"ஒருத்தங்களத் தெரியும்" என்றார். பல நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். "அன்னிக்கு வாங்கினவங்கள்ல. திருப்பத்தூர் போற வழியில, செங்கல் சூளை தாண்டி வூடு."

"போலாங்க."

அந்த வீட்டுப் பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "ஆட்டுக்காரரு! வாங்க வாங்க. வூட்லயும் இட்டுனு வந்துக்கிறீங்களா?" என்று உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அவர் வாங்கினார், குடிக்கவில்லை. வேப்பமரத்தடியில் எங்கள் ஆடு அவளுடைய ஆடுகளோடு ஒரே தொட்டியில் வாய் வைத்து நின்றது. குடிக்கவில்லை, வாயை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றது.

"வந்ததுலேருந்து சரியா மேயல. எடம் புதுசு இல்ல, அதான்" என்றாள் அவள்.

"அது நோய் ஆடும்மா" என்றார் அவர். "நான் வித்ததுதான். விக்கும்போதே எனக்குச் சந்தேகம் இருந்துது. அது இருமுனத நான் கேட்டேன்."

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிக்கொண்டு மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஜோடியாத்தானே வாங்கினேன்? இன்னொண்ண நேத்து எம் பொண்ணு ஓட்டினு போய்ட்டாளே, அவ மாமியார் வூட்டுக்கு."

அன்று மாலையே அந்த மாமியார் வீட்டுக்குப் போனோம். அங்கே தெருவில் எல்லா வீட்டிலும் ஆடு இருந்தது. வாசல் வாசலாக அவர் அதையே சொன்னார். ஒரு ஆள் அவர் சட்டையைப் பிடித்தான். அவர் அப்படியே நின்றார். நாங்கள் சொன்னதும் அந்தப் பகுதி மருந்தகத்துக்கு எங்கள் டாக்டர் போன் செய்ததால் மறுநாளே ஊசி போட வந்துவிட்டார்கள். அந்தத் தெரு பெரும்பாலும் தப்பித்தது. வேப்பமரத்தடி ஆடுகள் தப்பிக்கவில்லை. அத்தை வீட்டில் ஒரு குட்டி மட்டும் எப்படியோ பிழைத்தது.

அதன் பிறகு என் விடுமுறை நாட்களில் எல்லாம் சேர்ந்தே போனோம். சந்தையில் டீக்கடைக்காரரை, சுங்கம் வசூலிப்பவரைக் கேட்டுக் கேட்டுச் சிலரைக் கண்டுபிடித்தோம். சிலர் கறிக்கு அறுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அதைக் கேட்டு நாங்கள் நிம்மதிப்பட்டோம். ஒருநாள் மலை ஏறும்போது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, "நீ அன்னிக்கு டாக்டர்கிட்ட போவாம இருந்திருந்தா நான் இன்னும் வித்துனே இருந்திருப்பேன்" என்றார். அதை நன்றி என்று எடுத்துக்கொள்வதா, குறை என்று எடுத்துக்கொள்வதா, எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவர் தோளில் கை வைத்தேன். வண்டி கிளம்பியது.

ஆடு வாங்க விற்கத் தடையில்லை என்று ஆன பிறகும் அவர் உடனே ஆரம்பிக்கவில்லை. புளி ஏற்றிக்கொண்டு போய்வந்தார். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. கை எச்சிலாக இருந்ததால் நான்தான் ஒலிபெருக்கியில் போட்டேன்.

"ஆட்டுக்காரர்தானே? பொங்கலுக்கு அப்பறம் சந்தையில உங்ககிட்ட நாலஞ்சு வாங்கினேன். வண்டியில எழுதியிருந்த நம்பர அப்பவே குறிச்சினேன். இன்னும் கெடைக்குமா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "எந்த ஊருங்க நீங்க?"

அந்த மனிதர் சொன்ன ஊர் ஆந்திர எல்லையில். அங்கே பண்ணை வைத்திருக்கிறாராம். சுற்றுவட்டாரத்துக்கெல்லாம் குட்டி கொடுப்பது அவர்தானாம்.

"ஆடுங்க எப்படிங்க கீது?"

"நல்லாத்தான் கீதுபா. ரெண்டு மூணு நாளா லேசா சளி, அவ்ளோதான்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போனைத் தன் பக்கம் நகர்த்தி, ஒவ்வொரு வார்த்தையாக, எல்லாவற்றையும் சொன்னார். அந்தப் பக்கம் இணைப்பு துண்டிக்கப்படவில்லை. தூரத்தில் நிறைய ஆடுகள் ஒன்றாகக் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.