கூரையில் ஏறிய பொன்னாடை

ரொறன்ரோவின் மில்லிக்கன் பகுதியில், எங்கள் வீட்டில் சாமியறைக்கு அடுத்த புனிதமான இடம் பேஸ்மென்ற் சுவர். அங்கே ஓர் ஐஸ் ஹொக்கிக்காரர் முன்பல் இல்லாமல் சிரித்துக்கொண்டு படமாய்த் தொங்குகிறார். அவர் சித்தப்பாவின் ஆள்.

உறைந்த குளத்தில் விளையாடிப் பழகிய பண்ணைக்காரரின் மகன். தாடை கிழிந்தால் தையல் போட்டுக்கொண்டு அதே ஆட்டத்துக்குத் திரும்பி வந்து கோல் அடிப்பாராம். அவர் ஓய்வு பெற்றதும், அவர் முதுகில் போட்ட இலக்கத்தை இனி எவரும் போடக்கூடாதென்று அந்தச் சட்டையையும் ரிட்டயர் பண்ணி அரங்கின் கூரையில் ஏற்றிவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளுக்குச் சறுக்கப் பழக்கினார். இதெல்லாம் நான் படித்து அறிந்ததல்ல; கொலிஜையே பாதியில் விட்டவன் நான். சோற்றுக்கோப்பையோடு இருக்கும்போதெல்லாம் சித்தப்பா ஓதி ஓதி வந்த மனப்பாடம். சித்தப்பாவோ ஒருநாளும் சறுக்குச் சப்பாத்துக்குள் கால் வைத்ததில்லை.

போன மாரிக் குளிரில், பக்கத்து அரங்கத்தில் பிள்ளைகளுக்கான சறுக்குத் திடலைத் திறக்க அவரே வருவதாகச் செய்தி வந்தது. சித்தப்பா அலுமாரியைத் திறந்தார்.

"பெரிய மனுசன் வாறார். வெறுங்கையோட போகேலுமே? பொன்னாடை போர்க்க வேணும்."

ரொறன்ரோவில் பொன்னாடைக்கு ஓய்வே கிடையாது. ஒரு விழாவில் வாங்கியவர் அடுத்த விழாவில் அதையே இன்னொருவருக்குப் போர்த்துவிடுவார். மடிப்புக்கூடக் கலையாது. அந்த விழாக்களிலெல்லாம் தட்டோடு பக்கத்தில் நிற்பவர் சித்தப்பா. அவர் தோளில் மட்டும் ஒன்றும் விழுந்ததில்லை.

"சித்தப்பா, உது தமிழ் வகுப்பில அம்மாவுக்குப் போர்த்தது. அதுக்கு முதல் ஆர்ர தோளில கிடந்ததோ! உங்கட ஆளுக்குச் செக்கன்ட் ஹான்டே குடுக்கப்போறியள்?"

"வாயை மூடிக்கொண்டு காரை எடடா."

வழி முழுக்க ஒரே வசனத்தை ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தார்: நீங்கள் விழுந்து எழும்பியதைப் பார்த்துத்தான் நானும் இந்த நாட்டில் எழும்பி நின்றேன்.

"இதைச் சொல்லாட்டி என்ர கட்டை வேகாதடா."

ஐஸின்மேல் விரித்த கம்பளத்தில் அந்தக் கிழவர் பனைபோல் நின்றார். எங்கள் முறை வந்ததும் சித்தப்பா நுனிக்காலில் எம்பிப் போர்த்தினார். போர்த்திய வேகத்தில் கால் கம்பளத்தை விட்டு ஐஸுக்குப் போய்விட்டது. கிழவர் ஒரு கையால் அவரைப் பிடித்து நிறுத்தினார். ஆள் விழவில்லை; வசனம் விழுந்துவிட்டது. "தாங் யூ, தாங் யூ" என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை.

"இது எதற்கு?" என்று கிழவர் என்னைக் கேட்டார்.

பெரிய ஆட்களுக்குப் போர்ப்பது எங்கள் வழக்கம் என்றேன். பார்த்தால் சித்தப்பாவின் கண் கலங்கி நிற்கிறது. எனக்கும் பகிடி வரவில்லை. அந்த வசனத்தை நானே சொன்னேன்.

கிழவர் பல்லில்லாமல் சிரித்தார். பொன்னாடையைக் கழற்றிச் சித்தப்பாவின் தோளில் போர்த்தினார். "நான் உடம்பு முழுக்கக் கவசம் கட்டிக்கொண்டு விழுந்தவன். இவர் ஒன்றும் கட்டாமல் விழுந்தவர்" என்றார்.

அடுத்த மாதம் ஓர் அரங்கேற்றம் வந்தது.

"தம்பி, அந்தப் பொன்னாடையை ஒருக்கா எடுத்துத் தாரும்" என்று சித்தப்பாவிடம் கேட்டார் அம்மா.

"அண்ணி, உது இனி ஊர் சுத்தாது. ரிட்டயர் பண்ணியாச்சு."

ஏணி வைத்து பேஸ்மென்ற் கூரையில் ஏற்றியும்விட்டார். கூரையோ தாழ்வு, நானோ நெட்டை. உடுப்புத் தோய்க்க இறங்கும்போதெல்லாம் சரிகைக் கரை மூக்கில் உரசும்.

"மரியாதையாத் தும்மடா!" என்று மேலேயிருந்து சத்தம் வரும்.