பெல்ட்டின் சத்தம் நின்ற வாரம்

என்னையும் என் வீட்டாரையும் உயிரோடு உங்கள் முன் நிறுத்தியிருக்கிற ஆண்டவருக்கு முதலில் நன்றி. எனக்குப் பேச வராது, கோபம்தான் வரும். அதனால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன்.

2005-ஆம் வருஷம். கடலூர் முதுநகரில் வாடகைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டிதான், ஆனால் பல கை மாறி வந்த பழைய டீசல் கார். என் மனைவி எஸ்தர் அப்போது மாசமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போய்விட்டன. இதுவாவது கைக்கு வருமா என்று நாங்கள் வாய்விட்டுப் பேசிக்கொண்டதே இல்லை. அவ்வளவு பயம். தொட்டில் வாங்கவில்லை. பெயர் யோசிக்கவில்லை.

அந்தக் கோடையில் வண்டி கத்த ஆரம்பித்தது. காலையில் ஸ்டார்ட் செய்தால் முன்பக்கம் கீச்சென்று ஒரு சத்தம். முதலில் சீக்கிரம் அடங்கிவிடும். போகப்போக அடங்க நேரமாயிற்று. பிறகு பாலம் ஏறும்போதெல்லாம் கத்தியது. வண்டியில் ஏறுகிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பார்கள். வீட்டில் வந்து உட்கார்ந்தாலும் அது என் காதை விட்டுப் போகாது.

மெக்கானிக் ராஜவேலுவிடம் கொண்டுபோனேன். பானெட்டைத் திறந்து, பெல்ட் ஓடுகிற சக்கரம் ஒன்றை விரலால் ஆட்டிக் காட்டினார். புல்லி என்போம் அதை. விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

"புல்லி பேரிங்கு போயிடுச்சிப்பா. புது பெல்ட்டு போட்டாலும் தின்னுடும். பெல்ட்டு, புல்லி எல்லாத்தையும் சேத்து மாத்திடு."

"ரெண்டு மாசம் முன்னாடிதானே பெல்ட்டு மாத்துன? அப்பவே சொல்றதுக்கு என்னா?"

"அப்பவும்தான் சொன்னேன். செலவு ஜாஸ்தி, பெல்ட்டு மட்டும் போதும்னு நீதான் குதிச்ச."

அவர் சொன்னது நிஜம். அதனாலேயே எனக்குக் கோபம் தலைக்கேறியது. எல்லாம் மாற்ற அவர் கேட்ட தொகையும், பிரசவத்துக்கென்று எஸ்தர் சேர்த்து வைத்திருந்த பணமும் ஏறக்குறைய ஒன்று. இதைச் செய்தால் அது இல்லை. "பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். பின்னாலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

"டைனமோவ சுத்துற பெல்ட்டுதான் பிரேக்கு பம்பையும் சுத்துது. அது போச்சுன்னா பிரேக்கு கல்லாயிடும், மிதிச்சாலும் பிடிக்காது. பாத்து ஓட்டு."

அன்று முதல் எங்கள் ஜெபம் ஒன்றுதான். "ஆண்டவரே, பிரசவம் முடியிற வரைக்கும் அந்தச் சத்தத்த நிறுத்தும்." எஸ்தரால் முழங்கால் போட முடியாது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு கண்ணீரோடு ஜெபித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். வண்டி கத்தவில்லை. திரும்பவும் நிறுத்தி ஸ்டார்ட் செய்தேன். சத்தமே இல்லை. அன்றைக்கே இந்தச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள்.

அப்போது எனக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். பாஸ்டர் ஜெபித்துக் கொடுத்த எண்ணெய் எங்கள் வீட்டில் உண்டு. தலைவலி என்றால் நெற்றியில் தடவுவோம், காய்ச்சல் என்றால் மார்பில் தடவுவோம். அந்த ஞாயிறு விடிகாலையில் நான் குளிக்கப் போன நேரத்தில் எஸ்தர் பானெட்டைத் திறந்து, ஜெபம் பண்ணி, கத்துகிற இடத்தில் அந்த எண்ணெயை ஊற்றியிருக்கிறாள். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் சத்தம் போகும், பிடிப்பும் போகும். ரப்பர் ஊறிக் கெட்டுப்போகும். பாவம், அவளுக்கு அது தெரியாது. நோகிற இடத்தில் எண்ணெய் தடவுவதுதான் அவளுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு வண்டி ஊமையாக ஓடியது. எனக்கென்னவோ நிம்மதி வரவில்லை. ஹெட்லைட் மங்கலாக எரிந்தது. ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை அடித்தது. முன்னால் போகிற லாரியிலிருந்து வருகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை சாயங்காலம் எஸ்தருக்கு வலி வந்தது. டாக்டர் சொன்ன நாளுக்கு இன்னும் எவ்வளவோ இருந்தது. "மாமா, புள்ள மத்தியானத்திலேர்ந்து அசையல" என்றாள். முதலிலிருந்தே சிதம்பரத்து ஆஸ்பத்திரியில்தான் காட்டிக்கொண்டிருந்தோம். அவளைப் பின்சீட்டில் படுக்க வைத்துக் கிளம்பினேன். கோடை மழைக்கு வானம் கருத்துக் கிடந்தது.

ஊரைத் தாண்டியதும் முன்னால் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி விளக்கு. நான் நிறுத்தவில்லை. சூடு காட்டுகிற முள் மேலே ஏறியது. அப்போதும் நிறுத்தவில்லை. பின்னால் அவள் முனகிக்கொண்டிருந்தாள். எப்படி நிறுத்துவது?

ஆலப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ரயில்வே கேட் போட்டிருந்தார்கள். வண்டிகள் வரிசையாக நின்றன. கடைசியில் கம்பி ஏற்றிய லாரி. கம்பிகள் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தன, முனையில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. பிரேக்கை மிதித்தேன். கல். ஓங்கி மிதித்தேன். கல்லேதான். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

"இயேசுவே!" என்று கத்தினேன். அதற்கு மேல் ஜெபிக்க எனக்கு நேரமில்லை. இரண்டு காலாலும் ஏறி மிதித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கைப் பிடுங்கி இழுத்தேன். வண்டி உதறி நின்றது. கண்ணைத் திறந்தபோது அந்தச் சிவப்புத் துணி என் முகத்துக்கு நேரே கண்ணாடியில் படிந்திருந்தது. அப்புறம் எஞ்சின் அணைந்துவிட்டது. திரும்ப எடுக்கவே இல்லை.

கேட்டைப் பார்த்துப் பல்லைக் கடித்தேன், நிஜமாகவே சபித்தேன். ஆனால் அந்தக் கேட் போட்டிருந்ததால்தான் அங்கே ஆட்கள் இருந்தார்கள். எஸ்தர் அலறியது கேட்டு, வரிசையின் முன்னால் நின்ற மினி வேனிலிருந்து ஒருவர் ஓடிவந்தார். அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்தவர், பெயர் கலியபெருமாள்.

"என்னாப்பா நின்னு பாத்துகினு இருக்க? தூக்கு. நம்ம வண்டியில ஏத்து!"

வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய பெண்கள் சேலையைப் பிடித்து மறைத்தார்கள். பழங்களுக்கு நடுவில் சாக்கு விரித்து அவளைக் கிடத்தினோம். ரயில் போனது. கேட் திறந்ததும் எந்த வண்டியும் முந்தவில்லை, எங்களை முதலில் விட்டார்கள். சிதம்பரம் வரைக்கும் பழம் உருண்டு அவள்மேல் விழாமல் என் இரண்டு கையாலும் தடுத்துக்கொண்டே போனேன். மழை கொட்டியது. அவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார்கள். வெளியே நின்றேன், கையெல்லாம் பலாமுள் குத்திய தடம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே பரபரப்பாக நடக்கிற காலடி மட்டும் கேட்டது. "புள்ள வந்துடுச்சி, கொடி சுத்தியிருக்கு" என்று யாரோ சொன்னார்கள். பிறகு அதுவும் இல்லை. பிள்ளை பிறந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது. அழுகைச் சத்தம் வரவில்லை.

சத்தத்தை நிறுத்தும் என்று நாள்கணக்கில் கெஞ்சியவன் நான். அந்தக் கதவில் தலையை முட்டிக்கொண்டு வேறு ஜெபம் பண்ணினேன். "ஆண்டவரே, அது கத்தணும். எவ்ளோ வேணா கத்தட்டும். கத்த வையும்."

கத்தினாள். என் மகள் ஆஸ்பத்திரியே அதிரும்படி கத்தினாள். ஐயோ, அந்தச் சத்தம்! நான் தரையில் உட்கார்ந்து பிள்ளை மாதிரி அழுதேன்.

வண்டியை மறுநாள் கட்டி இழுத்து வந்தோம். எண்ணெயில் ஊறிப் பிய்ந்து கிடந்த பெல்ட்டை ராஜவேலு தூக்கிக் காட்டினார். பெல்ட்டில் எண்ணெய் எப்படி வந்தது என்று ஆஸ்பத்திரியில் எஸ்தரிடம் கேட்டேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"சத்தம் நின்னுச்சே மாமா. ஆண்டவர் கேட்டுட்டாருன்னு நெனச்சேனே."

"நானுந்தான் நெனச்சேன். சபையில வேற எழுந்து பேசிட்டு வந்தேன்" என்றேன். என் வாயிலிருந்து கோபம் வராததைப் பார்த்து அவள்தான் ஆச்சரியப்பட்டாள்.

சேர்த்த பணம் பிரசவத்துக்குப் போனது. வண்டி மழைக்காலம் முழுக்க ஷெட்டில் கிடந்தது. அடுத்தவர் வண்டி ஓட்டிச் சம்பாதித்து, பெல்ட், புல்லி எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிய பிறகுதான் அதில் சாவியைப் போட்டேன்.

அன்பானவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதோ ஒன்று கத்திக்கொண்டிருக்கலாம். நெஞ்சில் ஒரு வலி, பிள்ளையிடம் ஒரு மாற்றம். அதை அடக்கும் என்று கேட்காதீர்கள். என்னவென்று காட்டும், செய்ய வேண்டியதைச் செய்யப் பலம் தாரும் என்று கேளுங்கள். அவர் கைவிட மாட்டார். என்னைக் கைவிடவில்லை.

நேற்றுக்கூட வண்டியில் லேசாக ஒரு கீச் கேட்டது. "அப்பா, கத்துது" என்று மகள்தான் முதலில் சொன்னாள். வண்டி ஷெட்டில் நிற்கிறது. இன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில்தான் ஆராதனைக்கு வந்தோம்.