பதினோராம் வாய்க்காலின் முறை

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன், மழை குறைந்த சிறுபோக நேரம். கிளிநொச்சிப் பக்கம், குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைக்கும் ஊர் எங்களுடையது. பிள்ளைகள் வளர்ந்த பிறகு நான் வெளிவாரிப் பட்டப்படிப்புக்குப் பதிந்து, வயல் வேலை முடிந்த கையோடு ஃபோனில் புள்ளிவிபரவியல் வகுப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன். தரவுகளை வகைப்படுத்துவதுதான் முதல் பாடம். சில எண்கள் அளவைச் சொல்லும், சில வரிசையைச் சொல்லும், சில பஸ் இலக்கத்தைப் போல வெறும் பெயர்தான் என்றார்கள். இதெல்லாம் ஒரு படிப்பா என்று எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அந்தப் போகத்தில் குளம் வற்றத் தொடங்கியது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதற்காக ஊர் விவசாயிகளின் கமக்காரர் கூட்டம் கூடியது. வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக வந்திருந்த நீர்ப்பாசன அதிகாரி முறையை வாசித்தார். ஒன்றாம் வாய்க்கால் முதல், எங்கள் பதினோராம் வாய்க்கால் கடைசி. எங்கள் நெல் பால் பிடிக்கும் பருவம். கடைசி முறைவரை காத்திருந்தால் அத்தனையும் பதராகிவிடும்.

எங்கள் வாய்க்காலில் இருப்பவர்கள் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள். ஊரில் கடைசியாகக் காணி கிடைத்தது எங்களுக்குத்தான். என் கணவர் எழுந்து கத்தினார்.

“கடைசியா வந்தனாங்கள் எண்டு தண்ணியும் கடைசியோ?”

ஒன்றாம் வாய்க்கால்காரர்கள் பதிலுக்குக் கத்த, எல்லோரும் துள்ளி எழுந்ததில் கதிரைகள் சரிந்தன. அதிகாரி திகைத்துப்போனார். “குளத்துக்குக் கிட்ட இருக்கிற வாய்க்காலில இருந்துதானே துவங்கியிருக்கிறன்?” என்றார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. மனிதர் இலக்கத்தை வரிசையாக எடுத்துவிட்டார். எங்களை மட்டந்தட்ட நினைக்கவேயில்லை. எழுந்துவிட்டேன்.

“ஐயா, நம்பர் வாய்க்காலின்ர பேர் மட்டுந்தான். பதினொண்டைக் கடைசியாத்தான் வெட்டினவை, ஆனா அது குளத்துக்கு ஆகக் கிட்ட, குளக்கட்டடியில இருக்கு. முதல் விதைச்சதும் நாங்கள்தான்.”

ஏதாவது சொல்லிச் சமாளிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ, “நான் பிழையா விளங்கிட்டன், குறை நினையாதேங்கோ. எந்த வாய்க்கால் எங்க இருக்கு, பயிர் எந்தப் பருவம் எண்டு சொல்லுங்கோ” என்று எல்லோர் முன்னிலையிலும் புதிதாக எழுதத் தொடங்கினார். சற்றுமுன் கணவரோடு மல்லுக்கட்டிய ஒன்றாம் வாய்க்கால்காரரே, “அவையின்ர பயிருக்கு முதல் விடுங்கோ. எங்கட இளம் பயிர், தாங்கும்” என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

நெல் தப்பியது. “உன்ர படிப்புக்கு இப்பதான் ஒரு வேலை கிடைச்சிருக்கு” என்று கணவர் இன்றைக்கும் சீண்டுவார்.

உண்மையைச் சொன்னால், பதினோராம் வாய்க்கால்காரி என்று யாராவது சொல்லும்போதெல்லாம், ஊரில் எங்களுடைய இடமே கடைசிதான் என்று அதுவரை நானும் உள்ளுக்குள் குறுகியிருக்கிறேன். அது பெயர் மட்டுந்தான் என்று அன்று அந்த அதிகாரிக்குச் சொன்னபோது, எனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொண்டேன்.