இரண்டாவது மின்னஞ்சல்

நாகாசே சான் ரயிலின் மேல்தட்டில் ஒருநாளும் பையை வைத்ததில்லை. மடியில் வைத்து, கைப்பிடியை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொள்வார். பங்குச்சந்தைப் பேட்டையான கபுதோச்சோவில் எங்கள் பங்குத்தரகு நிறுவனத்தின் வாடிக்கையாளர் ஆவணப் பிரிவில் அவருக்கு இருபத்தாறு வருடம்.

"பையையே கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?" என்பார் மேலாளர் இபுகா.

"அது வெளியே போய் எதையும் உளறாதுல்ல, இபுகா சான்."

எங்கள் விதிப்படி, கோப்பைக் கடவுச்சொல்லால் பூட்டி ஒரு மின்னஞ்சலில் அனுப்பவேண்டும். கடவுச்சொல் பத்து நிமிடம் கழித்து இரண்டாவதில் போகும். அனுப்புவதற்கு முன் பக்கத்து இருக்கைக்காரர் முகவரியை விரலால் சுட்டி, வாய்விட்டு வாசித்து, "சரி" என்று சொல்லி, சரிபார்ப்புத் தாளில் அனுப்புபவரின் முத்திரைக்குப் பக்கத்தில் தன் முத்திரையைக் குத்தவேண்டும். அந்தப் பக்கத்து இருக்கை என்னுடையது.

அக்டோபரில் ஒரு செவ்வாய், காலை பதினொரு மணி. நாகாசே சான் கூப்பிட்டபோது நான் தொலைபேசியில் இருந்தேன். அதைத் தோளில் இடுக்கிக்கொண்டு திரும்பி, விரலை நீட்டினேன். வாசிக்கவில்லை. "சரி" என்றேன். முத்திரையும் குத்தினேன்.

எட்டு நிமிடம் கழித்து அவர் குரல் மிகத் தாழ்ந்து வந்தது. "ஒகினோ, இங்க வா. சத்தம் போடாம பாரு."

முதல் எழுத்தை அடித்ததும் திரையில் பெயர்ப்பட்டியல் வரும். தணிக்கையாளர் உகாயிக்குப் போகவேண்டிய கோப்பு, அடுத்த வரியில் இருந்த அச்சகத்து உகிதாவுக்குப் போயிருந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு வாடிக்கையாளர்களின் முகவரி, பிறந்த தேதி, வங்கிக் கணக்கு எண்.

"கடவுச்சொல் இன்னும் போகலையே!" எனக்குப் போன உயிர் திரும்பியது போலிருந்தது. "அதை அனுப்பாம விட்டா யாரும் திறக்கமுடியாது. நாம சொல்லலைன்னா யாருக்குத் தெரியப்போகுது?"

"நாலு வருஷமா வாடிக்கையாளருக்குப் புத்தாண்டு நாட்காட்டி அனுப்ப உகிதாவுக்குத்தான் முகவரிப் பட்டியல் கொடுக்கிறோம். என்ன கடவுச்சொல் போடுவோம்?"

நிறுவனத்தின் பெயர், அன்றைய தேதி. யாருக்கு அனுப்பினாலும் அதுதான்.

"நீ வாசிச்சியா?"

"இல்ல."

பணி ஓய்வுக்கு நாகாசே சானுக்குப் பதினான்கு மாதம் இருந்தது. இரண்டு முத்திரையும் உள்ள தாளை எடுத்துக்கொண்டு நேரே இபுகாவின் அறைக்கு நடந்தார். நானும் பின்னால் போனேன்.

"யாரு சரிபார்த்தது?" என்றார் இபுகா. நாகாசே சான் நடந்ததைச் சொல்லி முடித்திருந்தார்.

"முத்திரை ஒகினோவோடது. ஆனா ஃபோன்ல இருந்தவளைக் கூப்பிட்டது நான்."

"நான் வாசிக்கல," என்றேன்.

இபுகா ஒலிபெருக்கியைப் போட்டு அச்சகத்தை அழைத்தார்.

"அட, இப்பத்தான் உங்க பட்டியலைப் பாத்தேன்!" உகிதா உற்சாகமாக இருந்தார். "இந்த வருஷம் சீக்கிரமே அனுப்பிட்டீங்க. ரெண்டாவது மெயில் வரல, சரி, வழக்கமான கடவுச்சொல்தானேன்னு நானே போட்டுத் திறந்துட்டேன். முகவரிச்சீட்டு ஒட்டுறவங்களுக்கும் அனுப்பியாச்சு. அங்க எட்டுப் பேர் இருக்காங்க, ரெண்டு நாள்ல முடிச்சிடுவாங்க."

நாகாசே சான் தொலைபேசியை நோக்கி இடுப்பு வளையக் குனிந்தார். நிமிர வெகுநேரம் ஆனது. பிறகு பென்சிலை எடுத்தார். "அந்த எட்டுப் பேரோட பேர் சொல்லுங்க, உகிதா சான்."

அன்று மாலைக்குள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேரையும் அழைத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. முதல் எண்ணை அடித்துவிட்டு, அழைக்கும் பொத்தானை அழுத்தாமல் நாகாசே சான் என்னைப் பார்த்தார். நான் எழுந்துபோய் ஒவ்வொரு இலக்கத்தையும் விரலால் சுட்டி, வாய்விட்டு வாசித்தேன். "சரி" என்று சொல்லாமல், முதல் இலக்கத்திலிருந்து மறுபடி வாசித்தேன்.