நாலுக்குள் ஓடிய ஏழு

மாமா எனக்குத் தந்த பழைய காரை இப்போது நான்தான் ஓட்டுகிறேன். அதன் வானொலியில் எல்லாக் குமிழ்களும் புதிதுபோல இருக்க, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் மட்டும் எழுத்தழிந்து வழவழப்பாகிவிட்டது. அம்மாவின் அண்ணன் அவர். ரொறன்ரோவில், மல்வேர்ன் பகுதியில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தபடி, பக்கத்து நகரான விட்பியில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போய்வந்தார். சனிக்கிழமைகளில் என்னை நீச்சல் வகுப்புக்கு ஏற்றிப் போவார். பழைய பாட்டு, நாதஸ்வரம், காலநிலை அறிக்கை எல்லாவற்றையும் கேட்பார். இயந்திரத்தில் அடிக்கும் நடன இசை தொடங்கினால் மட்டும் அவருடைய கை தானாகப் போய்க் குமிழைத் திருகிவிடும்.

"ஏன் மாமா?"

"தலையிடிக்குது பிள்ளை."

தவில்காரர் வீட்டில் பிறந்து அந்தச் சத்தத்துக்குள்ளேயே தவழ்ந்தவருக்கு இந்த அடி எப்படித் தலையிடியாகும்? என் சிறுவயதில் பதில் கிடைக்காத கேள்விகளில் அதுவும் ஒன்று.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. அம்மாவின் படிப்பை இடப்பெயர்வு நிறுத்தியது. மாமாவோ அதற்கும் முன்பே, எழுதப் படிக்கத் தெரிந்த கையோடு, அம்மப்பாவுடன் கோயில் கோயிலாகத் தவில் அடிக்கப் போய்விட்டவர். இதனால் எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. நான் எந்தக் கட்டுரையை எழுதினாலும், கையளிக்குமுன் சாப்பாட்டு மேசையில் அதைத் தமிழில் சொல்லிக் காட்டவேண்டும். பனிப்பாறைகள் பற்றியும் வாக்குரிமை பற்றியும் அம்மாவுக்குப் புட்டு மேசையிலேயே தெரியவந்தது. நம்பமுடியாத இடம் வந்தால் "உது மெய்யே?" என்று கேட்பார். பேராசிரியர்கள்கூட என்னை அப்படித் திணறடித்ததில்லை.

மூன்றாம் ஆண்டில் இசை வரலாற்று வகுப்புக்காக ஓர் ஆங்கிலேயக் குழுவைப் பற்றி எழுதினேன். இரண்டு ஆண்கள், ஒரு பெண். லண்டனில் ஒரு வாகனம் திருத்தும் கடைக்கு மேலே, வாடகை அறையில் தொடங்கியவர்கள். பாடகரும் கித்தாரும் இல்லாமல், கைமாறி வந்த தாள இயந்திரங்களை வைத்தே மனிதரை ஆடவைக்கலாம் என்று நம்பியவர்கள். அவர்கள் தொடங்கிய காலத்தில் அதை இசையென்று ஒத்துக்கொள்ளவே பலர் தயாராக இல்லை. முதல் இசைத்தட்டு வந்ததும் கைவிடப்பட்ட கிடங்குகளில் வாசித்தார்கள், பிறகு வயல்வெளிகளில், அதன்பிறகு விளையாட்டரங்குகளில். நடுவில் சண்டை, பிரிவு, தலை நரைத்தபின் ஒரு சமாதானம். நான் எழுதிய ஆண்டில் அவர்கள் கடைசிச் சுற்றுப்பயணத்தை அறிவித்திருந்தார்கள். ரொறன்ரோவுக்கும் வருவதாக இருந்தது.

என் வியப்பெல்லாம் அந்த முதல் தட்டில்தான். மெட்டு நாலு நாலாக நடக்கிறது. அடியில் முரசு ஏழு ஏழாக ஓடுகிறது. இரண்டும் விலகிப்போய், இதோ எல்லாம் குலையப்போகிறது என்று நாம் பதறும் இடத்தில் ஒன்றாக வந்து விழுகின்றன. பின்னால் வந்த எத்தனையோ குழுக்கள் அதைப் பின்பற்றின. அது எங்கிருந்து வந்தது என்று இவர்கள் ஒருபோதும் சொன்னதில்லை. இயந்திரக் கோளாறாக இருக்கலாம் என்று நானும் எல்லோரையும் போல எழுதியிருந்தேன்.

சொல்லி முடித்து நிமிர்ந்தபோது மாமாவின் கை புட்டுக்குள்ளேயே நின்றிருந்தது.

"அந்தப் பெட்டைக்கு முன்பல்லில இடைவெளியோ?" என்றார்.

இருந்தது. அந்தக் குழுவின் பெண்ணைப் படங்களில் பார்த்திருக்கிறேன்.

கனடா வருமுன் லண்டனில் மாமா பெற்றோல் நிலையத்தில் வேலை செய்தார் என்பதுதான் எங்களுக்குத் தெரிந்த கதை. மிச்சத்தை அன்றுதான் சொன்னார். அவர் குடியிருந்தது அந்தக் குழுவினரின் அறைக்குப் பக்கத்து அறை. சுவரில் இவர் விரலால் தட்டுவதைக் கேட்டு அவர்கள் கூப்பிட்டிருக்கிறார்கள். போகப்போக ஒருவரின் தேநீரை மற்றவர் குடிக்கும் அளவுக்குப் பழக்கம். ஒலிப்பதிவு நாளில், வாடகைக்கு எடுத்த கூடத்துக்கு இவரையும் கூட்டிப்போய், இயந்திரத்துக்குக் காவல் வைத்துவிட்டுச் சாப்பாடு வாங்கப் போனார்கள்.

"சும்மா கிடந்த பொத்தானை அமத்திப் பாத்தன் பிள்ளை. பதினாறு பொத்தான், பொத்தானுக்கு ஒரு அடி. ரெண்டு ஏழு போட்டன், ரெண்டு பொத்தான் மிச்சமாக் கிடந்தது. எங்கட கணக்குக்கு அது என்னத்துக்கு? வெட்டிவிட்டன்."

வெட்டியதில் அவர்கள் பாடுபட்டுச் செய்து வைத்திருந்த தாளம் அழிந்துபோயிற்று. திரும்பி வந்தபோது கூடத்தை விடவேண்டிய நேரம் நெருங்கியிருந்தது. வேறு வழியில்லாமல் இவருடைய ஏழின் மேலேயே வாசித்துப் பதிந்தார்கள். முடிந்ததும் அந்தப் பெண் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். யாரும் ஏசவில்லை. அடுத்த வாரமே கனடா வரும் வழி கிடைத்தது. மாமா சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுவிட்டார்.

"அதுகளின்ர முதல் வேலையை நாசமாக்கிப் போட்டு வந்தன். பிறகு திருத்திப் பதிஞ்சிருப்பினம் எண்டுதான் நினைச்சிருந்தன். நீ ஏழெண்டு சொன்னதை இன்னும் நம்பேலாமக் கிடக்குது."

"இவ்வளவு காலமும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையே அண்ணை!" என்றார் அம்மா.

"சொல்லி? லண்டனிலயும் போய் தவில் அடிச்சுக் குழப்பினவன் எண்டு நீ சிரிக்கவோ?"

"சிரிச்சிருப்பன்தான்."

நான் தொலைபேசியில் அந்தத் தட்டைத் தேடினேன். மாமா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "வேண்டாம். கேக்கமாட்டன்."

"நான் எழுதினது சரியோ பிழையோ எண்டு உங்களுக்கு மட்டும்தான் மாமா தெரியும். பிழையெண்டா நான் அதைக் குடுக்கேலாது."

என் படிப்பென்று வந்தால் அவருக்கு மறுக்கத் தெரியாது. கதவோரம் நின்றபடியே கேட்டார். முரசு தொடங்கியதும் முகம் சுருங்கியது. மெட்டும் முரசும் விலக விலக அவருடைய விரல்கள் கதவில் தட்டத் தொடங்கின. இரண்டும் சேர்ந்து விழும் இடத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். எனக்கு அது எப்போதும் திடீரென்றுதான் வரும். மாமாவின் உள்ளங்கை அதனுடனேயே கதவில் விழுந்தது.

"இன்னொருக்காப் போடு."

மறுபடி போட்டேன். முடிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"திருத்தேல்லையே! ஏன் திருத்தாம விட்டவங்கள்?"

"உங்களுக்குப் பிடிச்ச மாதிரி அவையளுக்கும் பிடிச்சிருக்கும்."

"எனக்குப் பிடிச்சதெண்டு ஆர் சொன்னது?"

கட்டுரையில் இயந்திரக் கோளாறு என்ற வரியை அன்றே வெட்டினேன். அந்த இடத்தில், மாமாவின் கையால் அந்த ஏழு எப்படி வந்தது என்று எழுதலாம். ஏன் அப்படியே வைத்துக்கொண்டார்கள் என்பதற்கு மட்டும் என்னிடம் ஒரு வரியும் இல்லை. நான் படித்த புத்தகங்கள் ஒன்றிலும் அது இல்லை.

மாமா கை கழுவிவிட்டு வந்து, மேசையில் ஒட்டியிருந்த புட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தார்.

"எப்ப வருகினம் எண்டு சொன்னனீ?"

"அடுத்த மாசம்."

"கச்சேரி முடிய எந்தக் கதவால வெளியில வருவினம் எண்டு உனக்குக் கண்டுபிடிக்க ஏலுமே?"

"ஏன் மாமா?"

"ஆர் எண்டு கேட்டா, ரெண்டு பொத்தானை வெட்டினவன் எண்டு சொல்லுவன்" என்றார். பிறகு குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அம்மாவின் பக்கம் திரும்பி, "தங்கச்சி, என்ர கோட்டு எங்க கிடக்குது?" என்று கேட்டார்.